அடிக்க அடிக்க அழுகிறவள்

கோவையில் ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவில் ரெஜினாவுக்கு டெஸ்டர் வேலை. புது விளையாட்டை வெளியிடுமுன் ஆடிப்பார்த்துப் பிழைகளை எழுதுவாள். அன்று வந்த காட்சியில், ஆடுபவரின் வீரன் அடிக்கும்போதெல்லாம் ஒரு பெண் புதிதாக அழ வேண்டும். ரெஜினா ஓர் அடி அடித்தாள்.

"பால் கட்டிக்கிச்சே, இனி யாருக்குக் குடுப்பேன்?" என்று திரையில் அந்தப் பெண் விம்மினாள்.

ரெஜினா கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். போன ஜூனில், குழந்தையைப் புதைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, டீம் லீடர் குணசீலனிடம் மட்டும் அவள் சொல்லி அழுதது அது. "மனசு விட்டு அழும்மா, அண்ணன் இருக்கேன்" என்று பக்கத்திலேயே இருந்தாரே!

"அண்ணா, அதைப் பதிவு பண்ணினீங்களா?" என்று பின்னால் நின்ற குணசீலனிடம் கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மெஷினுக்கு அந்த ஒரு அழுகை போதும்மா, அதைக் கேட்டே கத்துக்கும். இனி எத்தனை லட்சம் பேர் அடிச்சாலும் விதவிதமா அழும். அதுக்குத்தான் கம்பெனியில என்னை அன்னைக்கு உன்கிட்ட அனுப்பினாங்க. இன்னைக்கு ரிலீஸ், பிழை இல்லைன்னு பாஸ் போட்டுடு."

ரெஜினா கண்மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாள். பிறகு தன் வீரனின் பையிலிருந்த தண்ணீரை எடுத்து, திரையில் அழுதவளிடம் நீட்டினாள். அவள் விம்மல் அடங்கும்வரை காத்திருந்து, அறிக்கையில் எழுதினாள்:

"பிழை: இந்தப் பெண்ணை அடிக்க முடிகிறது. திருத்தாமல் வெளியிடக் கூடாது."