இடது கண்ணின் கறுப்புக் கோடு

பின்லாந்தின் தம்பரே நகர ஏரிக்கரையில் மத்தியானத் தூறல். இசை விழாவின் தொத்திறைச்சிக் கடை வரிசையில், மழைச்சட்டைத் தொப்பிக்குள் வழுக்கைத் தலையை இழுத்துக்கொண்டு நிற்கிறார் இல்போ. சற்று நேரத்தில் சவரி முடியும் வெள்ளைப் பூச்சுமாக மேடையேறி, ஹெவி மெட்டல் பாடகர்களைக் கேலி செய்து உறுமப் போகிறவர். 'நரகத்துச் சித்தப்பாக்கள்' என்று குழுவின் பெயரைச் சொன்னாலே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பூச்சில்லாத முகத்தை இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னால் நிற்கிற பெண்கள் இருவரும் அவருடைய மேடை முகத்தைத்தான் பூசியிருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் இடது கண்ணுக்குக் கீழே மைக்குச்சியால் கோடு இழுக்கிறாள். "ஆடாம நில்லுடி. இந்த மை வழியுறதுதான் செம காமெடியே!" முதல் மேடையில் அது தானாகத்தான் வழிந்தது. ஏறும் முன்பு போன் வந்திருந்தது, அண்ணன் போய்விட்டான் என்று. அன்றைக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பில், அதன்பின் ஒவ்வொரு மேடைக்கும் அவரே அந்தக் கோட்டை வரைந்துகொள்கிறார். "தாடை வரைக்கும் இழுக்கணுமாடி?" "கன்னத்தோட நிறுத்திடும்மா," என்கிறார் இல்போ. "அதுக்குள்ள அவரு துடைச்சுட்டாரு." இருவரும் திரும்புகிறார்கள். "அட, அங்கிளும் நம்ம ஆளு! குனிங்க, உங்களுக்கும் போட்டு விடுறேன்." அவர் தொப்பியைத் தள்ளிவிட்டுக் குனிகிறார். கடுகுச் சாஸ் மணக்கும் விரல்கள் அவர் தாடையைப் பிடிக்கின்றன. "ஐயோ, கண்ணு கலங்காதீங்க அங்கிள். கோடு கெட்டுப்போயிடும்."