பதினொன்றாம் எண் ஜெர்சி

கால்பந்து ஆட்டத்தின் கடைசி விசில் ஊதியதும் தயாளன் ஜெர்சியைக் கழற்றிக்கொண்டு சிரித்தபடி சிடிபேயிடம் வந்தான். ஆட்டம் முடிந்தால் எதிரணிக்காரனோடு ஜெர்சி மாற்றிக்கொள்வது வழக்கம்தான். ஆனால் தொண்ணூறு நிமிடமும் சிடிபேயை ஒட்டியே ஓடி, ஒவ்வொரு கார்னரின்போதும் தோல் நிறத்தைச் சொல்லி அவன் காதில் ஒரு வார்த்தையைப் போட்டுக்கொண்டே இருந்தவன் இவன். சிடிபே பந்தைத் தொட்டபோதெல்லாம் தயாளனின் ஊர்க்காரர்கள் நிறைந்த வடக்கு கேலரி குரங்குபோலக் கத்தியது. “ஆட்டத்துல சூடேத்தச் சொல்றதுதான், மனசுல வெச்சுக்காத பிரதர்,” என்றான் தயாளன். டிவி கேமரா பக்கத்தில் வந்து நின்றது. மாலியிலிருந்து வந்து நாலு வருடமாக இந்த லீக்கில் ஆடும் சிடிபேக்குத் தமிழ் தெரியும். காதில் சொன்னதும் புரிந்திருந்தது, இதுவும் புரிந்தது. ஈரம் சொட்டும் பதினொன்றாம் எண் ஜெர்சியைக் கழற்றி நீட்டினான். எல்லோரும் செய்வதுபோலத் தயாளன் அதைத் தோளில் போட்டுக்கொண்டான். “தோள்ல இல்ல, மாட்டிக்க,” என்றான் சிடிபே. “மாட்டிக்கிட்டு அந்த கேலரி வரைக்கும் நடந்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்.” தயாளன் சிரிப்பை விடாமல் கேமராவைப் பார்த்தான். பிறகு தலையை நுழைத்தான். இன்னொருவன் வியர்வை முதுகில் சில்லென்று ஒட்டியது. கைதட்டலை எதிர்பார்த்தவன்போல ஒரு கையை உயர்த்திக்கொண்டு நடந்தான். பெனால்டி கோட்டை நெருங்கும்வரை கேலரி அமைதியாகத்தான் இருந்தது. பிறகு மேல் வரிசையில் யாரோ ஒருவன் மட்டும் பதினொன்றாம் எண்ணைப் பார்த்து அந்தக் குரங்குச் சத்தத்தை ஆரம்பித்தான். தயாளனின் கை இறங்கியது. நின்று, திரும்பிப் பார்த்தான். சிடிபே நின்ற இடத்திலேயே நின்று, இன்னும் போ என்று கையைக் காட்டினான்.