ஹெண்ட்ரே வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

"இந்த ஊர்ல மழை நிக்கவே நிக்காதும்மா. இன்னைக்கு ஏதோ தப்பித் தவறி வெயில் அடிக்குது" என்றார் இட்வால்.

கிரஹாமும் ஹேசலும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். துளி மேகம் இல்லை.

விடுமுறைக்கு வேல்ஸைச் சுற்றிப் பார்க்க பர்மிங்காமிலிருந்து காரில் வந்த தம்பதி அவர்கள். வழியில், ஹெண்ட்ரே என்ற வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையைப் பார்த்ததும் ஹேசலுக்கு ஆசை வந்துவிட்டது. பலகையில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். எடுத்தது வீட்டுக்காரரின் மகள். அப்பா வெளியே போயிருப்பார், அவர் வரும்வரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றாள்.

சுற்றக் கிளம்பியவர்கள் பாலத்தடியில் நின்ற உள்ளூர்க்காரர் இட்வாலிடம், ஹெண்ட்ரேயைப் பார்க்க வந்ததைச் சொல்லி வழி கேட்டார்கள். அவரோ கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டார். எப்படியாவது இவர்களை அந்த வீட்டுப் படியேற விடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய கவலை.

"அதோ, அந்த ஜெபக்கூடம் இருக்கே, ஹெண்ட்ரேக்கு நேர் எதிர்ல. நாப்பது ஆம்பளைங்க சேர்ந்து பாடுவாங்க. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்."

"எனக்குப் பாட்டுன்னா உயிர்" என்றாள் ஹேசல்.

"ஆடு பிடிக்குமா? தோட்டத்துக்குள்ள வந்து படுத்துக்கும். விரட்டினா நம்மளையே முறைக்கும்."

கிரஹாம் வாய்விட்டுச் சிரித்தார். இட்வால் நடையை எட்டிப் போட்டார். கடை வாசலில் நின்ற நெரிஸைக் கண்டதும், வந்தவர்களுக்குப் புரியாத வெல்ஷ் மொழியில், "ஹெண்ட்ரேயைப் பாக்க வந்திருக்காங்க. ஏதாவது எடுத்து விடு" என்றார்.

நெரிஸுக்குச் சொல்லியா தரவேண்டும்? அந்தத் தெருவில் ஏற்கெனவே பாதி வீடுகள் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டவை. கோடையில் வந்து தலைகாட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

"ஹெண்ட்ரேயா?" என்று உச்சுக்கொட்டினாள். "கூரை ஒழுகும். வெள்ளம் வந்தா ஆறு அடுப்படி வரைக்கும் எட்டிப் பாத்துட்டுப் போகும். நானும் அடுத்த மாசம் கடையை மூடப்போறேன். பாலுக்குக்கூடப் பக்கத்து ஊருக்குத்தான் ஓடணும்."

கடை மூடுவது இட்வாலுக்கே புதுச் செய்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஹேசலின் முகம் வாடியது. "வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?"

"சரியான பிடிவாதக்காரர். சம்சாரம் போனதுலருந்து ஒண்டிக்கட்டை. வித்துட்டு கார்டிஃபுக்கு எங்கூட வந்துடுப்பான்னு பொண்ணு ஒத்தைக் கால்ல நிக்கிறா" என்றாள் நெரிஸ்.

"பாவம், மகளோட போய் நிம்மதியா இருக்கட்டுமே."

"இருப்பார், இருப்பார்" என்றார் இட்வால் அவசரமாக.

காருக்கு அருகே வந்ததும் கிரஹாம், "வேணாம் ஹேசல். ஆறு அடுப்படிக்கு வர்ற வீடு நமக்கெதுக்கு?" என்றார். அவள் அரை மனதாகத் தலையாட்டினாள்.

இட்வாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரே கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தபால் வண்டி வந்து நின்றது. அந்த ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ். வீட்டுப் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டால்தான் உரியவர் திரும்புவார். தபால்காரர் எம்ரிஸும் வழக்கம்போல உரக்கக் கூவினார்.

"ஏ ஹெண்ட்ரே இட்வால்! உன் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குதுய்யா. இந்தா, உன் பொண்ணு அனுப்பின பார்சல்!"

இட்வாலின் முகத்தில் ஈயாடவில்லை. ஹேசல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினாள்.

"வீடு எங்களுக்குச் சரிவராதும்மா."

மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள்.

"இல்லையேம்மா, உங்கப்பாவை நாங்க கண்ணாலகூடப் பாக்கலை" என்றாள் ஹேசல், இட்வாலைப் பார்த்துக்கொண்டே.