மேட்டில் நின்ற டிரெய்லர்

ஜூன் 12, வியாழன். வாங்கப்போகும் வண்டியின் இழுவைச் சோதனைக்கு டிரெய்லரைக் காலியாகக் கொண்டுவந்தது மாடில்டாவின் தவறுதான். பாத்திரங்களும் அரிசியும் ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் வண்டி கிடைக்காவிட்டால், கலும்பாங் ஊரில் ஒப்புக்கொண்ட கல்யாணச் சமையல் கைநழுவிவிடும். கோலா சிலாங்கூரில் புனிதனின் பழைய வண்டிக் கடைமேல் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. நீல ஹைலக்ஸ் பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிய பின்கொக்கியை மாடில்டா மறுபடியும் ஆட்டிப் பார்க்கிறாள். “வெறும் டிரெய்லர என் மோட்டார் சைக்கிளே இழுக்கும்லா,” என்று புனிதன் சிரிக்கிறார். சமையலுக்குக் கூட வரும் அத்தைகளில் பிலோமினா அத்தை சேலையைச் செருகிக்கொண்டு டிரெய்லரில் ஏறுகிறாள். “தோட்டத்துல டிராக்டர் ஏறிப் போனவங்கதானே நாம? வாங்கடி! அரிசி மூட்டைக்கு நாம என்ன குறைச்சல்?” மற்ற அத்தைகளும் ஏற, டிரெய்லர் கிறீச்சிடுகிறது. மாடில்டாவின் அண்ணன் அட்ரியன் ஆற்றங்கரை மேட்டில் வண்டியை ஏற்றுகிறான். “நடுவுல நிறுத்துண்ணா. நின்னு கிளம்புதான்னு பாக்கணும்.” வண்டி நிற்கிறது. “ஏண்டி, எங்கள ஆத்துல தள்ளவா?” என்று டிரெய்லரிலிருந்து பிலோமினா அத்தை கத்துகிறாள். அட்ரியன் மெல்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான். சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுங்குகிறது. வண்டி முனகி, ஒரு குலுக்கலோடு முன்னேறுகிறது. உச்சியிலிருந்து அத்தைகளின் குலவை கேட்டு, செம்பனை மரங்களில் இருந்த கொக்குகள் எழுந்து பறக்கின்றன. “இன்னொரு ரவுண்டு!” என்கிறாள் பிலோமினா அத்தை. மாடில்டாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இதையே எடுத்துக்கிறோம், அண்ணே,” என்கிறாள் புனிதனிடம்.

பெயர் மாற்றுவதற்கு முன், நாளை காலை வண்டியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.