குமுதா ஏறிப்போன வீடு

"இறங்குடி! பிரேக்ல கோளாறுன்னு கம்பெனி கூப்பிடுது. ஆள் இல்லாம வண்டிவீடு தானா போய் தானா வந்துடும்!" என்று சௌரிராஜன் கத்தினார்.

"வரும், நம்ம எஞ்சினோடயா வரும்? எவன் வீட்டுப் பழசையாவது மாட்டி அனுப்புவானுங்க. நான் உள்ளயே இருக்கேன், நீங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க!" என்றாள் குமுதா.

சக்கரம் வைத்த வீடுகள் நெருக்கி நிற்கும் அந்தத் தாம்பரம் மைதானத்தில் ஒரு வீடு நகர்ந்தால் போதும், அடுத்தவன் தன் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். அதனால் தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பது போலப் புருஷனை நாற்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்; அவளோடு வீடு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பியது.

உள்ளே மனித மூச்சு இருந்தால் ஒர்க்‌ஷாப் எந்திரம் வண்டியைத் தொடாது, வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். வாரக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தது. எந்திரம் இறங்கச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தேகம்தான் கூடியது.

இங்கே மைதானத்தில் வெயிலில் காய்ந்த சௌரிராஜனுக்குப் பக்கத்து வண்டிவீட்டு அம்சா மோர் கொடுத்தாள். மோர் கொடுப்பது குற்றமா என்ன? பிறகு சாப்பாடு கொடுத்தாள். மழை வந்ததும் நாற்காலியையும் உள்ளே எடுத்துப் போட்டாள்.

கம்பெனி சலித்துப்போய்த் திருப்பி அனுப்ப, குமுதா அதே எஞ்சினோடும் அதே பிரேக்கோடும் வெற்றியாக வந்து சேர்ந்தாள். அவள் இடத்தில் வேறு யாரோ வீட்டை நிறுத்தித் துணி காயப்போட்டிருந்தார்கள். சௌரிராஜனும் அம்சாவும் திருநீர்மலையில் மாலை மாற்றிக்கொண்டு, நல்ல பிரேக் உள்ள அம்சாவின் வண்டிவீட்டில் ஓசூர் பக்கம் போய்விட்டார்களாம்.