எந்த ஸ்டேட்?

தாராவியின் ஜெராக்ஸ் கடையில் பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கடியில் ஊர்ந்து போகிறது. தகரக் கூரைமேல் மழை இரைகிறது. பாஸ்போர்ட் வாங்க வழியில்லாத அயல்நாட்டாருக்கான பயணச் சான்றுக்கு, கடையில் வேலை பார்க்கும் ஆஸியா கணினியில் விண்ணப்பம் நிரப்புகிறாள். எதிரே, மண்டபம் அகதி முகாமில் பிறந்த சுகந்தினி நனைந்த பிளாஸ்டிக் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டொரண்டோ ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்கு டாக்டர் ஒரு மாதம் கெடு சொல்லி ஒன்பது நாளாகிறது. மடியில் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்கப் பயந்து உள்ளங்கையால் பொத்துகிறாள். “நேஷனாலிட்டிக்கு என்ன போடக்கா?” என்கிறாள் ஆஸியா. “ஸ்டேட்லெஸ் எண்டு போடு பிள்ளை.” “எந்த ஸ்டேட்டு? இங்கனதான இருக்கீய, மகாராஷ்டிரான்னு போட்டுருதேன், சலேகா? சரிதான?” உதவி செய்கிற உற்சாகத்தில் தட்டவும் தொடங்கிவிடுகிறாள். “அது மாநிலமில்ல பிள்ளை. எனக்கு நாடே இல்லையெண்டு அர்த்தம்.” ஆஸியா தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழிக்கிறாள். பச்சை வெளிச்சம் இன்னொரு முறை போய்த் திரும்புகிறது. “ஸ்பெல்லிங் சொல்லுங்கக்கா,” என்கிறாள், குரலைத் தாழ்த்தி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட சுகந்தினி, திரையைப் பார்க்காமலே, எஸ், டி, ஏ, டி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறாள். பிழையில்லாமல் அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது.