எழுபது கிலோமீட்டர் கூடுதல்

ஞாயிறு காலை காரில் ஏறியதுமே அவருக்குச் சந்தேகம் தட்டியது. முழு சார்ஜில் எப்போதும் 240 கிலோமீட்டர் காட்டுகிற எலக்ட்ரிக் கார், இன்று 310 காட்டியது.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்.

“பேட்டரி அதேதான் சார். கடைசியா எப்படி ஓட்டினோமோ, அதை வெச்சு வண்டி கணக்குப் போடும். யாரோ பதமா ஓட்டியிருக்காங்க.”

“நானா இருக்கக் கூடாதா?”

“ஆக்சிலரேட்டர்ல உங்க மிதி எனக்குத் தெரியாதா சார்?”

வாரம் முழுக்க அவர் பைக்கில்தான் போகிறார். மகன் வெளியூரில். வீட்டுக்குள் பாய்ந்தார்.

“கார் சாவியை எவன்கிட்ட குடுத்தே? உண்மையைச் சொல்லு!”

“யார்கிட்டயும் குடுக்கல. நான்தான் ஓட்டினேன்.” மனைவி லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“உனக்கு யாரு கத்துக் குடுத்தா?”

“பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல்ல. உங்ககிட்ட கேட்டா, ‘உனக்கெல்லாம் சுட்டுப் போட்டாலும் வராது’ன்னுட்டீங்களே.”

அவர் திரும்பி நடந்தார். அவரே நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் பனியனைத்தான் போட்டிருந்தார்; அதன் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்ததை அவள் சத்தமாகப் படித்தாள்:

“பயந்த பெண்களுக்கும் பதினைந்தே நாளில் கார்!”